வசியமன்று, அறிதுயில்

சிதம்பரம் நடராசர் கோயிலுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கூத்தன் ஆடும் அம்பலத்திற்கு மிக அருகிலேயே, பாம்பணைமேல் பள்ளிகொண்ட கோலத்தில் கோவிந்தராசப் பெருமாள் சந்நிதியும் இருக்கிறது. திருமாலின் அந்த உறக்கத்திற்கு வைணவப் பெரியோர் வழங்கிய பெயர் ‘அறிதுயில்’. கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். அச்சொல்லின் சமயப் பொருள் அதற்குரியவர்களுடையது. ஆயினும் ஹிப்னாட்டிசம் என்னும் மேனாட்டு முறைக்குத் தமிழ்ப்பெயர் தேடியவர்களுள் சிலர் இச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். ஊரார் வாயில் வழங்கும் பெயரோ வேறு, அது ‘மனோவசியம்’.

இவ்விரு சொற்களும் இருவேறு கருத்துகளைச் சுமந்து நிற்கின்றன. வசியம் என்றால் ஒருவருடைய மனத்தை மற்றொருவர் கட்டிப்போடுவது. அறிதுயில் என்றால் ஒருவர் தம் அறிவை இழக்காமலே தமக்குள் ஆழ்ந்து அமர்வது. மனத்துயர் தீர்க்கும் மருத்துவத்தில் ஹிப்னாட்டிசம் கடந்து வந்த ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைச் சுருக்கிச் சொன்னால், முதற் சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு வந்து சேர்ந்த பயணம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பயணத்தில் திசை திருப்பிய அடியை எடுத்து வைத்தவர் நம் இந்திய மண்ணில் பிறந்த கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

திருக்குடும்ப ஞாயிறு

வரலாற்றுக்குள் நுழையுமுன் நம் கடற்கரையை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. திருவழிபாட்டு நாட்காட்டியில் அன்று திருக்குடும்பப் பெருவிழா. காலைத் திருப்பலி முடிந்தும் முடியாத வேளையில் ஆழிப்பேரலை வந்தது. தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பிச்சாவரம் பகுதி வரை கடலூர் மாவட்டக் கரையோரம் சிதைந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடும்பங்களை வாழ்த்திய நாளிலேயே குடும்பங்கள் குலைந்தன.

இடிந்த வீடுகளை எழுப்பலாம்; உடைந்த படகுக்கு மாற்றுப் படகு தரலாம். ஆனால் அலையோசை கேட்டால் நடுங்கிய குழந்தைக்கும், கடலில் இறங்கக் கால் வராமல் நின்ற மீனவருக்கும், கையிலிருந்து நழுவிய பிள்ளையின் விரல்களை மறக்க முடியாத தாய்க்கும் எதைத் தருவது? பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தமிழகக் கடலோரத்திற்கு வந்து, ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தனர். துயருற்றவரைப் பேசவிடுவதும், பொறுமையுடன் செவிகொடுப்பதுமே அப்பயிற்சியின் அடித்தளம். மனக்காயம் என்ற சொல் அன்றுதான் நம் குப்பங்களுக்குள் வந்தது எனலாம். அதற்குமுன் அது ‘பயந்த கோளாறு’. மந்திரித்துத் தாயத்துக் கட்டினால் தீரவேண்டியது.

அச்சம், தீராத துக்கம், குற்றவுணர்வு, உறக்கமின்மை ஆகிய இத்துன்பங்களுக்கு அறிதுயில் உதவுமா என்ற கேள்வி அதனால் நமக்குப் புறம்பான கேள்வியன்று.

காந்தமும் கற்பனையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னா நகர மருத்துவர் மெஸ்மர், உயிர்களிடையே கண்ணுக்குத் தெரியாத காந்தப் பாய்மம் ஒன்று ஓடுவதாகவும், அது தடைப்படுவதே நோய் என்றும், தம் கையசைவால் அதைச் சீராக்க முடியும் என்றும் நம்பினார். 1778-இல் அவர் பாரிசுக்குக் குடியேறியபோது கூட்டம் அலைமோதியது. 1784-இல் பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியல் அறிஞர் லவாய்சியர் ஆகியோர் அதில் இருந்தனர். அப்படி ஒரு பாய்மமே இல்லை, காணப்படும் விளைவுகளுக்குக் காரணம் கற்பனையே என்று குழு முடிவு கூறியது.

குழுவின் கூற்று சரி. ஆனால் அதிலிருந்தே எழவேண்டிய அடுத்த கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. வெறும் கற்பனை ஒருவரைக் குணமாக்குமானால், அந்தக் கற்பனையின் ஆற்றலை ஏன் ஆராயக்கூடாது? அந்தக் கேள்வியைக் கேட்டவர்தாம் நம்மவர்.

கோவா தந்த குருவானவர்

ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா 1756-இல் கோவாவின் காந்தோலிம் ஊரில் பிறந்தார். பெற்றோர் மனமொத்துப் பிரிந்து, தாய் கன்னியர் மடத்தில் சேர்ந்தார், தந்தை குருவானார். பதினைந்து வயதில் தந்தையுடன் கப்பலேறிய ஃபாரியா, லிஸ்பன் வழியாக உரோமைக்குச் சென்று, விசுவாசப் பரப்புப் பேராயத்தின் கல்லூரியில் பயின்று, 1780-இல் குருத்துவம் பெற்றார்.

அவரைப் பற்றிக் கோவாவில் இன்றும் ஒரு கதை சொல்லுவார்கள். போர்த்துகல் அரசி முதலாம் மரியாவின் முன்னிலையில் மறையுரை ஆற்ற இளங்குரு ஃபாரியா மேடையேறினார். எதிரே அரசவை முழுவதும் அமர்ந்திருந்தது. நா எழவில்லை, உடல் வியர்த்தது. அருகே நின்ற தந்தை, கொங்கணி மொழியில் மெல்ல ஒரு சொல் சொன்னாராம்: இவர்களெல்லாம் வெறும் கீரைதான், நறுக்கித் தள்ளு என்று. அந்தக் கணமே அச்சம் அகன்று, பேச்சு ஆறாய்ப் பெருகியதாம். ஒற்றைச் சொல் ஒருவரின் நடுக்கத்தை எப்படித் துடைக்கிறது என்ற வியப்பு அன்றே அவருள் விழுந்த விதை என்பர். கதை நடந்தவாறே சொல்லப்படுகிறதோ, சொல்லச் சொல்ல வளர்ந்ததோ, அவருடைய வாழ்நாள் உழைப்பின் சாரம் அதில் இருக்கிறது.

1787-இல் கோவாவில் போர்த்துகீசிய ஆட்சிக்கு எதிராகப் பிந்தோக்களின் சதி என்று பெயர்பெற்ற கிளர்ச்சி வெளிப்பட்டது. உள்நாட்டுக் குருக்களுக்கு உயர்பதவிகள் மறுக்கப்பட்டதே அதன் முக்கியக் காரணம். ஐயம் தம்மீதும் விழவே, 1788-இல் ஃபாரியா பாரிசுக்குச் சென்றார். பிரெஞ்சுப் புரட்சியின் புயலைக் கண்டார். பின்னர் மார்சேய், நீம் நகரங்களில் ஆசிரியராக இருந்தார். அலெக்சாந்தர் தூமா ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ என்ற புகழ்பெற்ற நாவலில் தீவுச் சிறையில் வாடும் அறிஞராக ஒரு ஃபாரியா குருவைப் படைத்தது இவர் பெயரைக் கொண்டுதான்.

1813 ஆகஸ்டு முதல் பாரிசில் அவர் பொதுமக்கள் முன் விளக்கவுரைகள் நடத்தினார். காந்தக்கோல் இல்லை; கையசைவு இல்லை. வந்தவரை நாற்காலியில் அமர்த்தி, கண்களை மூடி, உறக்கத்தையே எண்ணச் சொல்வார். மனம் ஒருமைப்பட்ட வேளையில் ‘உறங்குக’ என்று உரத்த குரலில் கட்டளையிடுவார். பலர் அந்நிலைக்குள் ஆழ்ந்தனர். அவ்வாறு ஆழ்ந்ததற்குக் காரணம் தம்முடைய ஆற்றலன்று என்று அவரே மறுத்தார் என்பதே வியப்பு. ஆற்றல் அமர்ந்திருப்பவரின் மனத்தில் இருக்கிறது. தாம் செய்வது அதை எழுப்புவது மட்டுமே என்றார். இதில் பாய்மமும் இல்லை, பேயும் இல்லை. கடவுள் படைத்த மனித இயல்புதான் இருக்கிறது என்றார்.

இருபுறத்திலிருந்தும் அடி விழுந்தது. காந்தவாதிகள் தங்கள் கொள்கையைக் கெடுத்தார் என்று சினந்தனர். திருச்சபையினருள் சிலர் சூனியம் என்றனர். உறங்குவதுபோல் நடித்துவிட்டு அவரைக் கேலி செய்தவரும் உண்டு. 1816-இல் அவரை நையாண்டி செய்யும் நாடகமொன்று பாரிசில் அரங்கேறியது; கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. ஃபாரியா ஒதுங்கிக்கொண்டார். பெண்கள் விடுதிப் பள்ளியொன்றில் ஆன்ம குருவாக எளிய வாழ்வு வாழ்ந்து, தம் கருத்துகளை நூலாக எழுதினார். நூலின் முதற்பகுதி வெளிவந்த 1819-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 20 அன்று இறந்தார். மோன்மார்த்தர் கல்லறைத் தோட்டத்தில் அடையாளமற்ற குழியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்நூலில் அவர் இந்நிலைக்கு வைத்த பெயர் ‘தெளிந்த உறக்கம்’ என்று பொருள்படும். நம் ‘அறிதுயில்’ என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய பிரெஞ்சுச் சொல்லை எங்கே தேடுவது?

இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, பிரான்சின் நான்சி நகர மருத்துவப் பேராசிரியர் பெர்ன்ஹைம், கருத்தூட்டலே அறிதுயிலின் திறவுகோல் என்ற உண்மையை முதலில் நிறுவியவர் ஃபாரியாவே என்று ஒப்புக்கொண்டார். இன்று கோவாவின் பஞ்சிம் நகரில், கைநீட்டி நிற்கும் அவருடைய சிலையைக் காணலாம்.

பேச்சு வந்து சேர்ந்த கதை

ஃபாரியாவுக்குப் பின் இம்முறை மீண்டும் இந்தியாவுக்கு வந்தது. 1845-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், நோயாளிகளை இந்நிலையில் ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அகற்றினார். 1846-இல் கல்கத்தாவில் இதற்கென ஒரு சிறு மருத்துவமனையும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அடுத்தடுத்து ஈதரும் குளோரோஃபாமும் வந்தபின் இம்முறையைத் தேடுவார் இல்லை. மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1840-களில் காந்தம் என்ற பழம்பெயரை நீக்கி, உறக்கம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாட்டிசம் என்ற பெயரைத் தந்தார்.

இதுவரை மருத்துவர் பேசினார், நோயாளி கேட்டார். நோயாளி பேசவும் மருத்துவர் கேட்கவும் தொடங்கியது 1880-இல்தான். வியன்னாவில் மருத்துவர் பிராயர், அன்னா ஓ. என்று நூல்கள் குறிக்கும் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். தந்தையின் நோய்ப்படுக்கையருகே இரவுபகலாய்க் காத்திருந்து உடல் தளர்ந்த பெண் அவர். கை அசையவில்லை, தாய்மொழியே மறந்துபோனது. அறிதுயிலில் ஆழ்ந்த வேளைகளில் அவர் தம் நெஞ்சிலுள்ளதைச் சொல்லச் சொல்ல, சில அறிகுறிகள் தளர்ந்தன. ‘பேச்சு வைத்தியம்’ என்று அதற்குப் பெயரிட்டவரே அவர்தான். அவர் அச்சிகிச்சையால் முழுதும் குணமாகவில்லை. பின்னும் மருத்துவமனைகளில் தங்கவேண்டியிருந்தது. ஆயினும் உளச்சிகிச்சை என்னும் மரம் அந்த அறையில்தான் முளைவிட்டது.

பிராயரின் இளைய நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டு அறிதுயிலைக் கற்றார், பின்னர் கைவிட்டார். எல்லாரும் அந்நிலையில் ஆழ்வதில்லை, வெறும் கட்டளையால் வந்த குணம் நிலைப்பதில்லை என்பவை அவர் கண்ட குறைகள். அதே ஃபிராய்டு 1918-இல் புடாபெஸ்ட் மாநாட்டில் வேறொன்றைச் சொன்னார். செல்வர்க்கு மட்டும் கிட்டும் உளச்சிகிச்சை ஒருநாள் ஏழைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கவேண்டும். அன்று உளப்பகுப்பாய்வு என்னும் பசும்பொன்னோடு கருத்தூட்டல் என்னும் செம்பையும் கலக்கவேண்டி வரும். அறிதுயிலுக்கும் இடம் வரக்கூடும் என்றார். அணிகலன் செய்ய விரும்பும் பொற்கொல்லர் தூய தங்கத்தில் சிறிது செம்பு சேர்ப்பதை நாம் அறிவோம். செம்பு மட்டுமே இருந்தால் அது நகையாகாது என்பதையும் அறிவோம்.

இரண்டும் இணையும் முறை

இன்று அறிதுயிலும் உளச்சிகிச்சையும் எவ்வாறு இணைகின்றன? தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் கடலைக் கண்டு அஞ்சுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சில சந்திப்புகளில் அறிதுயில் இல்லை, பேச்சு மட்டுமே. அச்சம் எப்போது வருகிறது, உடலில் என்ன நேருகிறது, அவ்வேளையில் என்ன எண்ணம் எழுகிறது என்று சிகிச்சையாளர் கேட்டறிவார். உடல்நோயோ கடும் மனநோயோ இருப்பின் மருத்துவரிடம் அனுப்புவார். பின்னர் இருவரும் சேர்ந்து அச்சத்தைப் படிகளாக வரிசைப்படுத்துவர்: தொலைவில் அலையோசை கேட்பது, கரையிலிருந்து பார்ப்பது, ஈரமணலில் நிற்பது, கணுக்கால் நனைவது, படகில் ஏறுவது.

அதன்பிறகே அறிதுயில். ஒரு புள்ளியை நோக்கியோ மூச்சைக் கவனித்தோ மனம் ஒருமைப்படுகிறது. தசைகள் ஒவ்வொன்றாகத் தளருகின்றன. அவர் உறங்கிவிடுவதில்லை. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தவர்களும் அது உறக்கம் அன்று என்றே கண்டனர். குரல் கேட்கிறது, வேண்டாததை மறுக்க முடிகிறது. அந்த அமைதியில் முதற்படியை மனக்கண்ணில் காண்கிறார். நடுக்கம் எழுந்தால் அமைதிக்குத் திரும்புகிறார், மீண்டும் காண்கிறார். ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் 1950-களில் அச்சத்தைப் படிப்படியாகக் கரைக்கும் முறையை வகுத்தபோது, தொடக்கத்தில் இத்தகைய தளர்வுநிலையையே துணைகொண்டார்.

விழித்தபின் மீண்டும் பேச்சு. ‘நான் மகனைக் கைவிட்டுவிட்டேன்’ என்ற எண்ணம் உள்ளே கிடந்தால், அது உண்மையா என்று பொறுமையுடன் ஆராயப்படுகிறது. அலையை எந்தக் கைதான் நிறுத்தியிருக்கும்? அறிதுயில் அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ளும் அமைதியைத் தருகிறது. விடையை அவரே கண்டடைய உளச்சிகிச்சை துணை நிற்கிறது. இறுதியில், தமக்குத் தாமே அந்த அமைதிக்குள் செல்லும் பயிற்சியைக் கற்று வீட்டுக்குப் போகிறார். மருத்துவரைச் சார்ந்தே நிற்கவேண்டியதில்லை. இங்கே ஃபாரியாவின் சொல் நிறைவேறுகிறது: ஆற்றல் அமர்ந்திருப்பவருடையது.

இதன் பயனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1995-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளச்சிகிச்சையுடன் அறிதுயிலையும் பெற்றவர்களின் சராசரி முன்னேற்றம், அச்சிகிச்சையை மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் முன்னேற்றத்தை விஞ்சியது என்றனர். 2021-இல் வெளிவந்த மறு தொகுப்பாய்வு, கூடுதல் பயன் உண்டு, ஆயினும் அது சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரையிலானதே என்று அடக்கமாக மதிப்பிட்டது. அற்புதம் என்று பறைசாற்றவும் வேண்டா. பொய் என்று ஒதுக்கவும் வேண்டா.

ஆபத்தும் உண்டு. அறிதுயிலில் நினைவுக்கு வருபவை எல்லாம் நடந்தவை அல்ல. கேட்பவரின் கேள்வியே நினைவைப் புனைந்துவிடும். அவ்வாறு பெறும் நினைவுகளை நம்பகமானவை என்று கொள்ளமுடியாது என அமெரிக்க மருத்துவக் கழகம் 1985-இலேயே எச்சரித்தது. முற்பிறவி காட்டுகிறேன் என்பவரிடமும், ஒரே அமர்வில் எல்லாம் தீரும் என்று விளம்பரம் செய்பவரிடமும் நாம் விலகி நிற்கவேண்டியதன் காரணம் இதுவே.

திருச்சபையின் நிலை

நம் மக்களிடம் ஓர் ஐயம் உண்டு: இது பாவமல்லவா? இக்கேள்வி உரோமையை 19-ஆம் நூற்றாண்டிலேயே எட்டியது. 1847-இல் புனித அலுவலகம் தந்த விடையில், தன்னளவில் தகாததல்லாத இயற்கை வழிகளைப் பயன்படுத்துவது, தீய நோக்கம் இல்லாதவரை, தடைசெய்யப்பட்டதன்று என்றது. குறிசொல்லுதல், இறந்தோரை அழைத்தல் போன்றவற்றிற்கு அதைப் பயன்படுத்துவதை 1856-இல் கண்டித்தது. 1957 பிப்ரவரியில் மயக்கமருந்து மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மருத்துவர் நோய்தீர்க்கும் நோக்குடன், அறிவியலும் அறநெறியும் விதிக்கும் வரம்புக்குள் அறிதுயிலைக் கையாளலாம் என்றார். அது பொழுதுபோக்குக்குரிய விளையாட்டன்று என்றும் நினைவூட்டினார்.

பங்கின் ஆண்டுவிழா மேடையில் இளைஞரை அறிதுயிலில் ஆழ்த்திக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் காட்சியைக் கைதட்டி வரவேற்கும் நாம், அதே முறையால் ஒருவர் தம் துயரைத் தீர்க்க முயன்றால் பாவம் என்கிறோம். திருத்தந்தை சொன்னதற்கு நேர் மாறாக நடக்கிறோம்!

எம்மாவு வழியில்

மனநோயுற்றோர் வழிபாட்டிடங்களில் கட்டுண்டு கிடக்கும் அவலம் எந்தச் சமயத்தாருக்கும் புதிதன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றிக் கருகினர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்துள்ளது. சங்கிலி என்பதும் ஒருவகை வசியம்தான். மனிதருள் இருக்கும் ஆற்றலில் நம்பிக்கை இழந்தவர்கள் கையாளும் வசியம்.

கோணாங்குப்பம் பெரியநாயகி அன்னையிடமும் வேளாங்கண்ணி அன்னையிடமும் நாம் மன்றாடுவது நல்லது. அந்த மன்றாட்டோடு மருத்துவரிடமும் செல்வது நம்பிக்கைக் குறைவாகாது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-இல் தொடங்கப்பெற்று, இன்று அரசின் பொறுப்பில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. வெளியே சொல்லத் தயங்குபவர்கள் 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

லூக்கா நற்செய்தியில் எம்மாவுக்குச் சென்ற இரு சீடரை நினைத்துப் பாருங்கள். நெஞ்சுடைந்து நடந்தவர்களோடு ஆண்டவரும் சேர்ந்து நடந்தார். நடந்தவை யாவும் அவருக்குத் தெரியும். இருந்தும் என்ன நடந்தது என்று கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நடந்தார். அதன்பிறகே பேசினார். கண்கள் திறந்தது அதற்கும் பிறகு.

ஃபாரியாவின் தந்தை மகனிடம் சொன்ன சொல் பெரிய தத்துவமன்று. ஆனால் அந்த மகனின் அச்சம் அவருக்குத் தெரிந்திருந்தது, பக்கத்தில் நின்றார், வீட்டில் பேசும் மொழியில் சொன்னார். அந்தத் தந்தை செய்த அளவுக்கேனும் நாம் ஒருவருக்கொருவர் செய்தால், நம் கடற்கரையில் இன்னும் உறங்காமல் கிடக்கும் பல நெஞ்சங்களுக்கு இன்றிரவேனும் உறக்கம் வரும்.